சரிகை இழையில் ஒரு சிறு விளக்கு

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

சரிகையை அறியாதவர் நம் அங்கத்தினரில் எவரும் இலர். திருபுவனம், தாராசுரம், கும்பகோணம் ஆகிய ஊர்களின் தறிகளில் அது பட்டோடு பட்டாக ஓடுகிறது. தறி இல்லாத உழவர் வீட்டிலும் கலியாணப் புடவையின் முந்தியில் அது இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதன் பளபளப்பைக் கண்டே நாம் அதை மதித்து வந்திருக்கிறோம். ஆனால் அந்த இழைக்கு மற்றொரு குணமும் உண்டு. உலோகம் சுற்றிய சரிகை மின்சாரத்தைக் கடத்தும். நாம் நாடாவில் வைத்து எறியும் ஊடை, துணிக்குள் படுத்திருக்கும் ஒரு மின்கம்பியும் ஆகும்.

இதை அறிவதால் நமக்கு என்ன பிரயோசனம் என்று அங்கத்தினர் கேட்கலாம். இரண்டு பிரயோசனங்களைக் கூறுவோம். முதலாவது, நெசவாளர் கையில் வரும் சரிகையில் உலோகம் மேலே வெளிப்பட்டிருக்கிறதா என்பதைச் சில ரூபாய் செலவில் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவது, இரவில் மடை திறக்கவும் மோட்டார் போடவும் சாலையோரமாக நடந்து போகும் உழவரின் முதுகில், வண்டி ஓட்டுவோர் கண்ணில் படும்படி ஒரு சிவப்பு விளக்கைத் துணியோடு துணியாகத் தைத்துக் கொடுக்கலாம். முன்னது தொழிலின் நாணயத்தைப் பற்றியது. பின்னது உயிரைப் பற்றியது. ஆகவே இப்பாடத்தைப் பொழுதுபோக்காக எண்ணாமல் கையால் செய்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.

1. மின்சுற்று என்பது யாது?

காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு ஓட்டம் என்றால் என்னவென்று கற்பிக்க வேண்டியதில்லை. மேட்டூரில் நீர் திறந்தால் கல்லணைக்கு வருகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால்களின் வழியே வயலுக்குப் பாய்கிறது. மின்சாரமும் ஓர் ஓட்டமே. பாட்டரி மேட்டூர் அணையைப் போன்றது. கம்பி வாய்க்காலைப் போன்றது. விளக்கு வயலைப் போன்றது. நீரை ஓடச் செய்வது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம். மின்சாரத்தை ஓடச் செய்வது பாட்டரியின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வோல்ட் என்ற அளவால் குறிக்கிறோம்.

உவமை இவ்வளவு தூரம் உதவும். ஆனால் இரண்டு இடங்களில் அது முறிந்துவிடும். புதிதாகக் கற்போர் தவறு செய்வதும் அந்த இரண்டு இடங்களிலேதான்.

முதலாவது: ஆற்று நீர் கடலில் கலந்தபின் அணைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மின்சாரமோ புறப்பட்ட பாட்டரியின் மறுமுனைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என இரண்டும் இருந்தால்தான் ஓட்டம் உண்டு. அதனாலேயே இதைச் சுற்று என்கிறோம்.

இரண்டாவது: மதகைத் திறந்தால் நீர் ஓடும், மூடினால் நிற்கும். மின்சுற்றில் இது தலைகீழ். சுற்றை மூடினால், அதாவது இரண்டு முனைகளையும் சேர்த்தால், மின்சாரம் ஓடும். சுற்றைத் திறந்தால், அதாவது இடையில் விலக்கினால், நின்றுவிடும். ஸ்விட்ச் என்பது சேர்ப்பதும் விலக்குவதுமான ஒரு பொருளேயன்றி வேறில்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாடத்தில் பாதி முடிந்தது.

2. சரிகை ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது?

சரிகை செய்யும் முறையை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். அசல் சரிகையில் வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, அதைத் தட்டையாக்கி, சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். பின்னர் அதன்மேல் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் அசல் சரிகைக்கு வகுக்கப்பட்டிருந்த அளவுகளில் ஒன்று வருமாறு: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5 சதவீதம், பட்டு 24 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். உலோகங்களில் மின்சாரத்தை நன்கு கடத்துபவை வரிசையாக வெள்ளி, செம்பு, தங்கம், அலுமினியம் என்பனவாம். முதல் மூன்றும் ஒரே இழையில் கூடியிருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்துவதில் வியப்பு இல்லை.

பழைய தொலைபேசியில் பேசும் கருவியையும் பெட்டியையும் இணைத்த வளையும் கயிற்றை அங்கத்தினர் பலர் பார்த்திருப்பர். அதனுள்ளும் சரிகைக்கு உறவான ஓர் இழையே இருந்தது. நூலின்மேல் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி அதைச் செய்தார்கள். வெறும் செம்புக் கம்பியை ஆயிரம் தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். நூலின்மேல் சுருளாகச் சுற்றிய தகடு ஒடியாமல் வளைந்து கொடுக்கும். இழுப்பை உள்ளிருக்கும் நூல் தாங்கிக்கொள்ளும். சரிகைக்கும் இதே நுட்பந்தான்.

இக்குணத்தை உலகின் ஆராய்ச்சிக்கூடங்களும் கண்டுகொண்டன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் முதலியோர் 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், செப்புத் தகடு சுற்றிய பட்டு இழையை ஊடையாகவும், வெறும் பட்டைப் பாவாகவும் கொண்ட ஒரு மெல்லிய துணியை மின்கம்பிகளின் வரிசையாக உபயோகித்தார்கள். உலோக இழைகள் ஒன்றையொன்று தொடாமல், இடையில் பட்டு இழையால் தனித்தனியே நிற்பதால், ஒவ்வோர் இழையும் ஒரு தனிக் கம்பியாக வேலை செய்தது. பாவும் ஊடையும் அறிந்த நமக்கு இதன் சூத்திரத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் 2007-ஆம் ஆண்டில் லியா பியூக்லி என்ற அம்மையார் வடிவமைத்த, துணியில் தைக்கத்தக்க மின்பலகை ஒன்று விற்பனைக்கு வந்தது. லில்லிபாட் என்ற அந்தப் பலகையைக் கொண்டு பள்ளி மாணவரும் உடையில் விளக்கு அமைக்கக் கற்றார்கள்.

3. முதற் சோதனை: சரிகை கடத்துகிறதா?

தேவையான சாமான்கள்: காசு போன்ற தட்டையான 3 வோல்ட் பாட்டரி (கடைகளில் 2032 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்) ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, துணி உலர்த்தும் கிளிப்பு ஒன்று, ஒரு சாண் நீளமுள்ள, மேலுறை உரித்த மெல்லிய செம்புக் கம்பி இரண்டு, ஊக்கு ஒன்று, பருத்தி நூல் சிறிது, சோதிக்க வேண்டிய சரிகைத் துண்டுகள்.

செய்முறை: எல்.இ.டி. விளக்கின் இரு கால்களில் ஒன்று நீளமாக இருக்கும். அது நேர்முனை. பாட்டரியின் கூட்டல் குறியிட்ட பக்கத்தில் அந்த நீளமான கால் படவேண்டும். மாற்றி வைத்தால் விளக்கு எரியாது. ஏனெனில் இவ்விளக்கு ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். நீளமான காலைக் கூட்டல் பக்கத்தில் வைத்துக் கிளிப்பால் இறுக்குக. குட்டையான காலில் ஒரு செம்புக் கம்பியை முறுக்குக. மற்றொரு கம்பியின் முனை பாட்டரியின் கழித்தல் பக்கத்தில் படும்படி கிளிப்புக்குள் செருகுக. இப்போது இரண்டு கம்பி முனைகள் வெளியே நீண்டிருக்கும். இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்தான் நம் சோதனை நடக்கும்.

முதலில் அந்த இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பாட்டரியையோ, கால்கள் வைத்த திசையையோ சரிபார்க்க வேண்டும். சாதனம் சரியாக இருக்கிறதென்று உறுதி செய்துகொள்ளாமல் சரிகையின்மேல் குற்றம் சொல்லலாகாது. தராசைச் சரிபார்க்காமல் நெல்லை நிறுப்பதற்கு அது ஒப்பாகும்.

அடுத்து, முனைகளுக்கிடையில் பருத்தி நூலை வையுங்கள், எரியாது. ஊக்கை வையுங்கள், எரியும். இவை இரண்டும் நமக்கு எல்லைக்கற்கள். இனிச் சரிகையை வைத்துப் பார்க்கலாம். முதலில் ஒரு விரற்கடை நீளம், பிறகு ஒரு சாண், பிறகு ஒரு முழம் என்று சோதித்து, ‘நன்கு எரிந்தது’, ‘மங்கலாக எரிந்தது’, ‘எரியவில்லை’ என்று ஒவ்வொரு கட்டைக்கும் நேரே குறித்துக்கொள்ளுங்கள். கையும் இழையும் உலர்ந்திருக்கட்டும். உப்பு நீரோ வியர்வையோ பட்ட நூல் சிறிது மின்சாரத்தைக் கடத்தி நம்மை ஏமாற்றும்.

4. விளக்கு சொல்வது எது? சொல்லாதது எது?

பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. நாம் இச்சோதனையைச் சிலர் கூடியிருந்த இடத்தில் செய்து காட்டியபோது, மூன்று சரிகைத் துண்டுகளில் இரண்டு எரிந்தன; ஒன்று எரியவில்லை. உடனே ஒரு பெரியவர், “அப்படியென்றால் எரிந்தவை இரண்டும் அசல், எரியாதது போலி என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா, ஐயா?” என்று கேட்டார். இயல்பாக எழும் கேள்வி. ஆனால் அவ்வாறு எடுத்துக்கொள்ளலாகாது. எரிந்த இரண்டில் ஒன்று வெள்ளிச் சரிகை. மற்றொன்று செப்புக் கம்பியில் வெள்ளிப் பூச்சு ஏற்றிய சாதாரணச் சரிகை.

கடைகளில் பெரும்பாலும் மூவகைச் சரிகை கிடைக்கிறது. ஒன்று, மேலே கூறிய அசல் சரிகை. இரண்டு, செப்புக் கம்பியின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்டு, பருத்தி அல்லது செயற்கை நூலின்மேல் சுற்றிய சரிகை. மூன்று, பிளாஸ்டிக் தாளின்மேல் அலுமினியத்தை ஆவியாகப் படியச் செய்து, மேலே பூச்சிட்டு, நாடாவாக அறுத்த சரிகை. மூன்றாவது வகையிலும் உலோகம் இல்லாமல் இல்லை. அலுமினியம் நல்ல கடத்தியே. ஆயினும் அது பிளாஸ்டிக்குக்கும் பூச்சுக்கும் நடுவே அடைபட்டுக் கிடப்பதால் நம் கம்பி முனை அதைத் தொடுவதில்லை. வாய்க்காலில் நீர் இருந்தும் மடை அடைத்திருந்தால் வயல் நனையாது அன்றோ?

ஆகவே விளக்கு சொல்வது ஒன்றே ஒன்று: ‘இந்த இழையின் இம்முனையிலிருந்து அம்முனைக்கு மின்சாரம் செல்ல வழி உண்டு’ அல்லது ‘வழி இல்லை’ என்பதே அது. அந்த வழி வெள்ளியால் ஆனதா, செம்பால் ஆனதா என்பதை அது சொல்லாது. தங்கம் எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லாது. எரியாத இழை எல்லாம் பிளாஸ்டிக் என்றும் முடிவு கட்டலாகாது. செப்புச் சரிகையின்மேலும் கறுக்காமலிருக்க அரக்குப் போன்ற பூச்சிடுவது உண்டு. அப்பூச்சைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

உள்ளிருக்கும் நூலைப் பிரித்து, சிவப்பாக இருந்தால் அசல் என்று கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அது நல்ல அடையாளந்தான். ஆனால் நூலுக்குச் சிவப்புச் சாயம் போட எவராலும் முடியும். உலோகங்களின் விகிதத்தைத் திட்டமாக அறிய எக்ஸ் கதிரைச் செலுத்திச் சோதிக்கும் கருவி வேண்டும். அது கைச்சோதனையால் ஆகும் காரியம் அன்று.

பின் இந்த விளக்கால் என்ன பயன்? சல்லடையின் பயன் என்க. ஒரே பெயரில், ஒரே விலையில் வந்த பத்துக் கட்டைகளில் ஒன்பது நன்கு எரிந்து ஒன்று எரியாமற் போனால், அந்த ஒன்று ஏன் வேறுபடுகிறது என்று கேட்க நமக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. எந்தக் கட்டையைக் கருவிச் சோதனைக்கு அனுப்புவது என்று தெரிந்துவிட்டது. தறியில் ஏற்றிய பிறகு வருந்துவதைவிட ஏற்றுமுன் ஐயப்படுவது நன்று.

இதில் தனி மனிதரின் லாப நஷ்டம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955-ஆம் ஆண்டில் தோன்றியது. திருபுவனம் பட்டுப் புடவைக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு என்பது ஓர் ஊரார் அனைவருக்கும் பொதுவான பெயர். ஒரு தறியில் அறியாமல் ஏறிய ஒரு கட்டைச் சரிகை, அப்பெயரைத் தாங்கிய எல்லாத் தறிகளின்மேலும் ஐயத்தைக் கொண்டுவரும். சாதாரணச் சரிகையைச் சாதாரணச் சரிகை என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. வாங்குவோர் பலருக்கு அதுவே கட்டுபடியாகும். ஒன்றை மற்றொன்றாகச் சொல்லுவதே குற்றம். சங்கத்தில் சரிகை வந்திறங்கும் நாளில் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு முழம் எடுத்து, இச்சோதனை செய்து, தேதியிட்ட அட்டையில் ஒட்டி வைக்கும் வழக்கத்தை மேற்கொள்ளலாம் என்று யோசனை கூறுகிறோம்.

5. இரண்டாம் சோதனை: இரவுப் பாதுகாப்பு உடுப்பு

முறைப்பாசனக் காலத்தில் நம் முறை நள்ளிரவில் வந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும். கையில் டார்ச்சு இருந்தாலும் அதன் ஒளி முன்னால் விழுகிறது. பின்னால் வரும் வண்டிக்காரருக்கு, கருத்த துண்டு போர்த்தி நடப்பவர் கண்ணில் படுவதில்லை. அதற்காகவே இவ்வுடுப்பு.

தேவையானவை: கையில்லாத, இரட்டைத் துணி மேலுடுப்பு ஒன்று, பென் டார்ச்சு பாட்டரி இரண்டும் அவற்றை வைக்கும் கூடும், சிவப்பு எல்.இ.டி. மூன்று, 100 ஓம் ரெசிஸ்டர் மூன்று, உலோக டிச் பட்டன் ஒரு ஜதை, செப்புச் சரிகை அல்லது துருப்பிடிக்காத எஃகு நூல். இதற்கு அசல் சரிகையை வீணாக்க வேண்டாம். பழகுவதற்குத் தறியில் மிஞ்சிய செப்புச் சரிகைத் துண்டு போதும். தினம் உடுத்துவதற்கு எஃகு நூலே மேல். அதன் மின்தடை சற்று அதிகமாயினும் வியர்வைக்கு அது தாங்கும்.

ரெசிஸ்டர் எதற்கு? இங்கே சிறு கணக்கு. இரண்டு பாட்டரிகளும் சேர்ந்து 3 வோல்ட். சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 1 வோல்ட். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி, வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 1-ஐ 100-ஆல் வகுத்தால் 0.01 ஆம்பியர், அதாவது 10 மில்லி ஆம்பியர். விளக்குக்கு இது அளவான ஓட்டம். மூன்று விளக்குகளுக்கும் சேர்த்து 30 மில்லி ஆம்பியர். பாட்டரியின் கொள்ளளவு 1000 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், கணக்கின்படி 33 மணி நேரம் எரியும். நடைமுறையில் பாட்டரி தளரத் தளர ஒளியும் மங்கிக்கொண்டே வரும். முதற் சோதனையில் காசு பாட்டரிக்கு ரெசிஸ்டர் வைக்கவில்லையே எனில், அச்சிறு பாட்டரியின் உள்ளேயே ஓட்டத்தை மட்டுப்படுத்தும் தடை இருக்கிறது.

தைக்கும் முறை: உடுப்பின் முதுகுப் பக்கத்தில், தோளுக்குக் கீழே, நான்கு விரல் இடைவெளி விட்டு இரண்டு இணையான கோடுகள் வரைந்துகொள்ளுங்கள். இவை புடவையின் இரு கரைகளைப் போன்றவை. மேற்கரை நேர்முனைக்கு, கீழ்க்கரை எதிர்முனைக்கு. விளக்குகள் மூன்றும் இரு கரைகளுக்கும் நடுவே ஊடை இழைபோல் குறுக்கே நிற்க வேண்டும். விளக்கின் நீளமான காலையும், அதனோடு முறுக்கிச் சேர்த்த ரெசிஸ்டரின் மறுகாலையும் இடுக்கியால் சிறு வளையங்களாகச் சுருட்டி, ஒவ்வொரு வளையத்தின்மேலும் உலோக நூலால் மூன்று நான்கு முறை இறுக்கித் தையுங்கள். தையல் தளர்ந்தால் விளக்கு விட்டுவிட்டு எரியும். உலோக நூலின் முடிச்சு தானே அவிழும் தன்மையுடையது. ஆகையால் முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிடுவது நல்லது.

இனிக் கடைமடைப் பிரச்சினை. வாய்க்கால் நீள நீளக் கடைமடைக்கு நீர் குறைவதுபோல், இழை நீள நீளத் தடை கூடிக் கடைசி விளக்கு மங்கும். இதற்குப் பரிகாரம் உண்டு. மேற்கரைக்குப் பாட்டரியை வலக்கோடியில் இணைத்தால், கீழ்க்கரைக்கு இடக்கோடியில் இணையுங்கள். அப்போது எந்த விளக்குக்குப் போகும் வழி குறுகியதோ, அதற்குத் திரும்பும் வழி நீண்டதாகிவிடும். மூன்றுக்கும் மொத்த வழி ஏறக்குறையச் சமமாகும். தலைமடையும் கடைமடையும் ஒத்துப்போகும் இந்த உபாயம் வாய்க்காலில் கிட்டாதது; சுற்றில் கிட்டுகிறது.

டிச் பட்டனே இங்கு ஸ்விட்ச். பாட்டரிக் கூட்டை வலது பையில் வைத்து, அதன் நேர்முனைக் கம்பியை மேற்கரையின் வலக்கோடியில் இணையுங்கள். எதிர்முனை இழையை முன்பக்கம் கொண்டுவந்து பட்டனின் வலப்பாதியில் தையுங்கள். இடப்பாதியிலிருந்து மற்றோர் இழையைக் கீழ்க்கரையின் இடக்கோடிக்குக் கொண்டுபோங்கள். உடுப்பை மாட்டிப் பட்டனை அழுத்தினால் சுற்று மூடும், விளக்கு எரியும். கழற்றினால் தானே அணையும். மறந்துபோய் எரியவிட்டுப் பாட்டரியைத் தீர்க்கும் கவலை இல்லை. வர்ணம் பூசிய பட்டனானால், பூச்சைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்தபின் தையுங்கள்.

எமது முதல் உடுப்பு எரிந்த ஐந்தாம் நிமிஷத்தில் அணைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அணிந்தவர் குனிந்தபோது துணி மடிந்து, இரு கரைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. மின்சாரம் விளக்குகளை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் பாய்ந்தது. வயலுக்குப் போகாமல் கரையுடைத்து ஓடும் நீர் போன்ற இதற்குக் குறுக்குச் சுற்று என்று பெயர். அப்போது மெல்லிய இழை சூடேறித் துணி கருகவும் கூடும். அன்றுமுதல் உலோக இழை முழுவதையும் இரட்டைத் துணிக்கு நடுவே ஓடவிட்டு, இரு கரைகளுக்கும் நடுவே ஒரு பருத்தித் தையலும் போட்டு வருகிறோம். நீங்களும் அவ்வாறே செய்க.

இவ்விளக்கு டார்ச்சுக்கும் கைத்தடிக்கும் பதில் அன்று. வரப்பில் கிடக்கும் பாம்பை இது காட்டாது. வண்டி விளக்கு பட்டால் பளபளக்கும் பட்டையையும் உடுப்பில் சேர்த்துத் தைப்பது உத்தமம். பாட்டரி தீர்ந்த இரவில் அது கைகொடுக்கும்.

6. மூன்றாம் சோதனை: தலையாட்டி பொம்மை

வீட்டுப் பிள்ளைகளோடு செய்யத்தக்க ஒன்றையும் சுருக்கமாகக் கூறுவோம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அடிப்பாகம் உருண்டு கனத்தும், மேற்பாகம் இலேசாயும் இருப்பதால் தள்ளினால் சாய்ந்து மறுபடி நிமிர்கிறது. அவ்வசைவையே ஸ்விட்சாக்கலாம். பொம்மையின் உள்ளே செம்புக் கம்பியால் ஒரு வளையம் அமைத்து, அதன் நடுவே ஒரு பித்தளை மணியைச் சரிகை இழையில் தொங்கவிடுக. பொம்மை நிமிர்ந்து நிற்கும்போது மணி வளையத்தைத் தொடாது, சாய்ந்தாடும்போது தொடும். வளையம் ஒரு முனை, மணி மறுமுனை. பொம்மை ஆடும்போதெல்லாம் கிரீடத்தில் வைத்த விளக்கு மின்னும். பாட்டரியை அடியில் நட்டநடுவே வைக்க வேண்டும். மேலேயோ ஓரத்திலோ வைத்தால் கனம் இடம் மாறி, பொம்மை நிமிராமல் படுத்துவிடும்.

7. ஜாக்கிரதைகள்

அ. காசு பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழலை அரித்துப் புண்ணாக்கி, உயிருக்கே ஆபத்தாகும். பொம்மையில் வைக்கும்போது திருகாணி போட்ட மூடி அவசியம். விழுங்கியதாக ஐயம் ஏற்பட்டாலும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆ. மேற்சொன்ன சோதனைகள் யாவும் 3 வோல்ட் அளவில் செய்யத்தக்கவை. வீட்டில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தோடு சரிகையையோ, நூலையோ, உடுப்பையோ எக்காரணத்தாலும் இணைக்கலாகாது. அது உயிரைக் குடிக்கும்.

இ. துவைக்குமுன் பாட்டரிக் கூட்டை எடுத்துவிடுக. நன்றாக உலர்ந்த பின்பே திரும்ப மாட்டுக.

ஈ. விற்பனைக்கு நெய்த புடவையின்மேல் சோதனை செய்யலாகாது. கட்டையிலிருந்து எடுத்த இழையையே சோதிக்க வேண்டும்.

8. முடிவுரை

நம் தறியின்மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி, 1804-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த தறியின் பெயரைத் தாங்கியது. அதே பெயரைச் சூட்டி, கூகுள் கம்பெனியார் உலோகம் கலந்த இழையை நெய்து, தொட்டால் தொலைபேசிக்குக் கட்டளை செல்லும் மேலங்கி ஒன்றை லீவைஸ் கம்பெனியாரோடு சேர்ந்து 2017-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதை இயக்கிய கைப்பேசிச் செயலி 2023-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. துணி கிழியவில்லை, இழையும் அறவில்லை, ஆயினும் அந்த அங்கியின் வித்தை நின்றுபோயிற்று. நாம் தைத்த உடுப்பில் நிற்கக்கூடியது எதுவானாலும் நம் கையாலேயே திருத்தலாம். இழை அறுந்தால் தைக்கலாம். விளக்குப் போனால் மாற்றலாம். பட்டன் தேய்ந்தால் வேறு வைக்கலாம். எளிய சுற்றின் பெருமை இதுவே. ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும்.

நெசவாளர் தைத்துத் தர, உழவர் உடுத்திப் பார்த்துக் குறை சொல்ல, அக்குறையை நெசவாளர் திருத்த, இவ்விதமாக ஒரு சங்கத்தின் இரு கைகளும் சேர்ந்து வேலை செய்ய இது நல்ல வாய்ப்பு. பத்து உடுப்புகள் தைத்து, ஒரு பருவம் உடுத்திப் பார்த்து, எத்தனை நாள் உழைத்தன, எங்கே அறுந்தன என்று எழுதி வையுங்கள். அவ்வெழுத்தே அடுத்த பாடத்துக்கு மூலதனம்.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

1. மதகைத் திறப்பதற்கும் சுற்றைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்ன?

2. சரிகையைச் சோதிக்குமுன் கம்பி முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது ஏன்?

3. ஒரு சரிகைத் துண்டில் விளக்கு நன்கு எரிகிறது. அதைக் கொண்டு அது வெள்ளிச் சரிகை என்று சொல்ல முடியுமா? காரணம் கூறுக.

4. பிளாஸ்டிக் சரிகையில் அலுமினியம் இருந்தும் விளக்கு எரியாதது ஏன்?

5. உடுப்பில் ஐந்து விளக்குகள் வைத்தால் ஓட்டம் எத்தனை மில்லி ஆம்பியர்? 1000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி கணக்கின்படி எத்தனை மணி நேரம் எரியும்?

6. நம் சங்கத்தில் சரிகை வந்திறங்கும்போது இப்போது என்ன சோதனை செய்யப்படுகிறது? இனி என்ன செய்யலாம்?